பால்துரை அண்ணாச்சியின் போணி

என் வீட்டுக்காரர் தேவபிரசாதம் மில்லில் பிட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த அன்று நான் அழவில்லை. வாய் வலிக்கும்வரை திட்டினேன். யுத்தம் வந்து பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூப்பன் போட்டிருந்த காலம் அது. கரியை மூட்டி, அதிலிருந்து வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டலாம் என்று எங்கோ படித்திருக்கிறார். உடனே மட்டக்கடைப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, இரும்பு டிரம்மைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். என் டீச்சர் சம்பளத்தில் வீட்டு அடுப்பு எரிந்தது. மில் எஞ்சினியர் நல்ல மனிதர். ஈஸ்டர் வரைக்கும் அவருடைய வேலை இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குமேல் முடியாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் இந்த டிரம்மை ஒரே ஒருவராவது வாங்கி ஓட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் கொட்டகையைப் பிரித்துவிட்டு அவர் மில்லுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மாசி மாதத்தில் டிரம் வேலை செய்தது. கொட்டகையில் கிடந்த பழைய எஞ்சின் கரிவாயுவில் ஓடியதைப் பார்த்து, திட்டிய வாயாலேயே அவரைப் பாராட்டினேன். மறுநாளே ஆளும் வந்தது. மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே உப்பளம் வைத்திருக்கும் பால்துரை அண்ணாச்சி.

"தம்பி, உப்புத்தண்ணி எறைக்கிற எங்கெணத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கெடைக்கல. ஏத்தத்துல எறைச்சு மாளல. பாத்தியெல்லாம் காஞ்சு கெடக்கு. இந்த டிரம்மை அங்கன வந்து மாட்டித் தாரியளா?"

"பாப்பம் அண்ணாச்சி. இது பஸ்ஸுக்குன்னு செஞ்சது" என்றார் இவர்.

வீடு தேடி வந்தவரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். கடைசியில் உண்மையைச் சொன்னார்: போணி.

எங்கள் பக்கத்தில் கடை திறக்கிறவர்கள் முதல் வியாபாரத்தைக் கைராசியான ஒருவரிடம்தான் செய்வார்கள். அந்தப் போணி விளங்கினால்தான் கடை விளங்கும். கைராசிக்குப் பேர்போனவர் பஸ் முதலாளி தாணுலிங்கம். ஜவுளிக்கடை முதல் மிட்டாய்க்கடை வரை அவர் கை படாமல் பஜாரில் எதுவும் திறக்காது. பால்துரை அண்ணாச்சியோ நேர் எதிர். அவர் குவித்து வைத்த உப்பு அம்பாரம் இரண்டு வருஷமாகக் காலம் தப்பிய மழையில் கரைந்து போயிருந்தது. "பால்துரை கால் வச்சா பங்குனியிலயும் மழை பெய்யும்" என்று பஜாரில் கேலி பேசுவார்கள். ஞாயிறு ஆராதனையில் முன் பெஞ்சில் உட்காரும் என் வீட்டுக்காரர், போணி என்றதும், பலசரக்குக் கடை வைத்திருந்த அவர் அப்பாவின் நம்பிக்கைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

தாணுலிங்கம் முதலாளியிடம் போய்க் கேட்டதும் சரி என்றார். பஸ்ஸின் முதுகில் டிரம்மைக் கட்டி, போதகரை அழைத்து ஜெபம் செய்து, ஸ்ரீவைகுண்டத்துக்குப் புறப்பட ஏற்பாடானது. தீ மூட்டி, அதை ஊதும் காற்றாடியைக் கையால் சுற்றி, வாயு வருவதற்குள் பாதிப் பேர் இறங்கி ரயிலுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேர், வழியில் பாலத்து ஏற்றத்தில் பஸ் திணறி நின்றதும், இறங்கித் தள்ளினார்கள். நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினேன்.

முதலாளி கோபப்படவில்லை. "டிரம்மு நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்குத்தான் கூப்பன்ல பெட்ரோல் வருதே, இது எனக்கெதுக்கு? நீங்க ஆசையா வந்து கேட்டிய, மாட்டேன்னு சொல்ல வாய் வரல" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

டிரம்மைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் இவர் தரையில் சாக்கட்டியால் இன்னும் பெரிய டிரம் ஒன்றை வரைந்தார். பெரிதாக இருந்தால் பாலம் ஏறிவிடுமாம். இதற்குள் பால்துரை அண்ணாச்சி இன்னொரு தடவை வந்து, வாசலில் நின்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்தரு ஒங்க முகத்துக்காகச் சரின்னாரு. இன்னொருத்தரு பாத்தி காயுதேன்னு வெயில்ல நடந்து வாராரு. நீங்க யாருக்குச் செய்யுதிய?"

"ஏளா, அந்த மனுசன் ராசி ஒனக்குத் தெரியாதா? மொதல் டிரம்மு அங்க போனா யாரு பெறவு வருவா?"

"ராசி உள்ள ஆளுக்கு ஒங்க டிரம்மு எதுக்கு? அவருக்குத்தான் எல்லாம் தானா நடக்குதே."

விடிந்ததும் அவர் மாட்டுவண்டியில் டிரம்மை ஏற்றி மாப்பிள்ளையூரணிக்குப் புறப்பட்டுப் போனார்.

உப்பளத்து எஞ்சினுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கிணற்றோரத்தில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க ஓட வேண்டும். வாயு வர அரைமணி ஆனால் அதுவரை பாத்தித் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். ஆனால் பஸ்ஸில் வராத தொல்லைகள் அங்கே வந்தன. உப்புக்காற்றில் உடைமரக் கரி ஈரத்தை இழுத்துக்கொண்டது. வாயு வடிகட்டியில் திணித்த பஞ்சு நனைந்து அடைத்தது. எஞ்சின் இருமி இருமி நின்றது. இவர் வீட்டுக்கு வராமல் அங்கேயே சாக்கை விரித்துப் படுத்தார். சனிக்கிழமை நான் சோறு கொண்டுபோனபோது இவரும் அண்ணாச்சியும் கரி பூசிய முகத்தோடு வடிகட்டியைப் பிரித்துப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சுக்குப் பதிலாக ஈரம் பிடிக்காத பனந்தும்பு நாரைத் திணித்துப் பார்த்தார்கள். கரியை வெயிலில் காயவைத்து மூடிவைத்தார்கள். "கொட்டகையிலயே இருந்திருந்தா இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சிருக்காது கிரேசி" என்றார் இவர். சோர்ந்து போயிருந்தாலும் முகத்தில் சந்தோஷம் இருந்தது.

குருத்தோலை ஞாயிறு கழிந்த வாரத்தில் எஞ்சின் காலையில் தொடங்கி மாலை வரை நிற்காமல் ஓடியது. கிணற்று நீர் வாய்க்காலில் புரண்டு பாத்திகளில் பரவியது. பால்துரை அண்ணாச்சி டிரம்மை விலைக்கு வாங்கிக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாள் இவர் மில்லுக்குப் போய், இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வந்தார். அன்று நான் திட்டவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் திட்டவில்லை.

பக்கத்து உப்பளத்துக்காரர் மாடக்கண்ணு தினமும் வரப்பில் வந்து நின்று பார்த்துப் போவார். பால்துரை அண்ணாச்சியின் பாத்தியில் உப்பு வெள்ளையாகப் பூக்கத் தொடங்கியதும் எங்கள் கொட்டகைக்கு வந்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் பாத்தியும் காய்ந்துதான் கிடந்தது.

அவருடைய கிணற்றில் டிரம்மை மாட்டிய அன்று நாங்களும் போயிருந்தோம். இவர் கரியை நிரப்பிவிட்டு நிமிர்ந்தார். மாடக்கண்ணு தீப்பெட்டியை எடுத்தார். முதல் தீயைத் தானே வைப்பாரென்று நினைத்தோம். அவர் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி, எல்லாருக்கும் பின்னால் ஒதுங்கி நின்ற பால்துரை அண்ணாச்சியிடம் போனார்.

"அண்ணாச்சி, நீங்க வையுங்க. ஒங்க கையால ஓடட்டும்."

பால்துரை அண்ணாச்சி தீப்பெட்டியை வாங்கவில்லை. "என்னைப் போய்ச் சொல்லுதியே மாடக்கண்ணு" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் போய், தீப்பெட்டியை வாங்கி அவர் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்து டிரம்மிடம் அழைத்துவந்தார். அண்ணாச்சி உரசிய முதல் குச்சி கடற்காற்றில் அணைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த குச்சியை அவர் உரசியபோது நாங்கள் எல்லாரும் காற்று வரும் பக்கம் நெருங்கி நின்றுகொண்டோம்.