காவல் தெய்வத்தின் முன் ஒரு கஞ்சி வழக்கு

தைனான் நகரத்தில் பால்மீன் கஞ்சி விற்பவர்கள், பானை காலியானவுடன் கடையைச் சாத்திவிடுவார்கள். சென்ற முறை என் கணவர் திங்-யுவான் ஒரு கோயிலையும் விடாமல் காட்டியதில், கஞ்சியைக் கண்ணால்கூடப் பாராமல் நாங்கள் தைப்பே திரும்ப நேர்ந்தது. இம்முறை குடித்தே தீர்வது என்று நான் பணிவுடன் முடிவு செய்திருந்தேன். பிற்பகலில் ரயில்.

அன்று காலையிலும் அதற்குள் நான்காவது கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்தோம். நகரத்தின் காவல் தெய்வம் குடிகொண்ட கோயில் அது. மனிதர்களின் பொய் புரட்டுகளைக் கணக்கெடுப்பவர் அவர். வாசலுக்கு மேலே தொங்கும் பலகையில், "வந்துவிட்டாயா" என்று மூன்றே சீன எழுத்துகளில் எழுதியிருக்கிறது. அதன் முன்னால் என் கணவர் நெடுநேரமாக மெய்ம்மறந்து நின்றார்.

"மூணே எழுத்து. இன்னுமா படிக்கிற?"

"ஒரு ஊரை நின்னு நிதானமாத்தான் பாக்கணும், சியூ-சின். அடுத்த தெருவுல இன்னொரு கோயில் இருக்கு. ஒண்ணே ஒண்ணு."

"போன தடவையும் இதையேதான் சொன்ன, வாத்தியாரே. வா, சாமியையே கேட்டுடலாம்."

பீடத்தின் மீது பிறை வடிவில் இரண்டு சிவப்புக் கட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. வீசும்போது ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் விழுந்தால் 'ஆம்'. இரண்டும் உருண்டையாக விழுந்தால் 'இல்லை'.

என் கணவர் தம் பெயர், பிறந்த நாள், முகவரி ஆகியவற்றை முறைப்படி தெரிவித்துவிட்டு, "இன்னும் ஒரு கோயிலைப் பார்த்த பிறகு சாப்பிடச் செல்வதில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை அல்லவா?" என்று விண்ணப்பித்து, கட்டைகளை வீசினார்.

இரண்டும் உருண்டை.

"இல்லைன்னுட்டாரு. கிளம்பு," என்றேன்.

"ஆட்சேபணை இல்லைங்கறாரு. போகலாம்," என்றார் அவர்.

எங்களுக்குப் பின்னால் ஊதுபத்தியுடன் நின்ற பெண்மணி பொறுமையிழந்தார். "சாமிக்கு இலக்கணப் பரீட்சையா வைக்கறீங்க? நேராக் கேளுங்கம்மா. வரிசை நிக்குது."

நான் கட்டைகளை எடுத்தேன். "சாமி, இந்த ஆளுக்குப் புது ஷூ கடிக்குது. நடக்க முடியாமத்தான் பலகை பலகையா நின்னு ரசிக்கிறான். நான் சொல்றது நிசமா?"

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. மேலும் இருமுறை வீசினேன். அதே பதில். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கொஞ்சமாத்தான் கடிக்குது," என்றார் என் கணவர் மெல்ல. "அந்த ஷூ வேண்டாம்னு நீதான் சொன்ன. ஒத்துக்கிட்டா வருஷம் பூரா சொல்லிக் காட்டுவ. கோயில்னா நடுவுல உக்காந்துக்கலாம்."

"டாக்ஸின்னு ஒண்ணு இருக்கு. சந்தை மூலைக் கஞ்சிக் கடைக்கு அதுல போனா ஆகாதா?"

"நீலக் கதவு போட்ட கடையா?" என்று கேட்டார் பின்னால் நின்ற பெண்மணி.

"ஆமாக்கா. தெரியுமா?"

"தெரியாம என்ன, என் கடைதான். பானையைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் இங்க வந்தேன்."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரமாகச் சென்று கைப்பேசியில் எதையோ அழுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"ரயிலை நாளைக்கு மாத்திட்டேன். கஞ்சி குடிச்சிட்டே போவோம்."

அந்தப் பெண்மணி என் கையிலிருந்து கட்டைகளை வாங்கிக்கொண்டார். "சாமி, இதுங்களுக்கு ரெண்டு கிண்ணம் தனியா எடுத்து வைக்கட்டுமா?"

இரண்டும் தட்டையாக விழுந்தன. தெய்வம் சிரிக்கிறது என்று அதற்குப் பொருள்.

"சிரிக்கட்டும். நீங்க நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க."

"ரொம்ப நன்றிக்கா," என்று குனிந்து வணங்கினார் என் கணவர். "அஞ்சு மணிக்கு எந்தக் கோயில் திறந்திருக்கும்?"