சந்தியாகு பின்னிய சிலுவை

சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

சவரியாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணமேல்குடிச் சந்தையில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மாதா படத்துக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட உயர்த்திய கை பாதியில் நின்றுவிட்டது.

"ஏ புள்ள ஞானப்பூ, இங்க இருந்த ஓலை எங்கே?"

அடுப்படியிலிருந்து மருமகள் உற்சாகமாகக் குரல் கொடுத்தாள். "கோவிலுக்குக் குடுத்துட்டேன் அத்தை! நாளைக்கு விபூதிப் புதன்ல? சுட்டு விபூதியாக்கணும், பழைய குருத்தோலையெல்லாம் கொண்டாங்கன்னு உபதேசியார் வீடு வீடாச் சொல்லிட்டுப் போனாரு. பக்கத்து வீட்டு ஓலையையும் சேத்துக் கட்டி நானே கொண்டு போய்க் குடுத்தேன்."

ஞானப்பூ எட்டிப் பார்த்தாள். அத்தையின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"அது போன வருசத்து ஓலை இல்லடி. ஒம் மாமனார் பின்னுனது."

ஞானப்பூ கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

கதை அவளுக்குத் தெரியும். கணவன் சூசை சொல்லியிருந்தான். அவன் கைப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு குருத்து ஞாயிறன்று, அவன் அப்பா சந்தியாகு பூசையில் வாங்கிய ஓலையை வலை முடிச்சுப் போட்டே சிலுவையாகப் பின்னி ஆணியில் மாட்டினார். மறுநாள் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. உடம்பும் கரை ஒதுங்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும்; சவரியாயி மட்டும் வீட்டில் அந்த ஓலைக்கு முன்னால் ஏற்றுவாள். சந்தியாகுவுக்கு இருந்த ஒரே கல்லறை அது.

ஆணியில் தொங்குவதுதான் அந்த ஓலை என்று மட்டும் சூசை காட்டித் தரவில்லை. ஆலங்குடிப் பக்கம் அவள் பிறந்த வீட்டில் பழைய ஓலை ஒன்றைக்கூட மிச்சம் வைக்க மாட்டார்கள். மந்திரித்த பொருள் குப்பைக்குப் போகக் கூடாது, நெருப்புக்குத்தான் போக வேண்டும். அந்தப் பக்தியோடுதான் கழற்றினாள்.

முந்தானையை இடுப்பில் செருகினாள். ஓட்டமெடுத்தாள்.

நிலக்கடலைக் காட்டில் ஓடிப் பழகிய கால் மணலில் புதைந்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். "என்னடி கடலைக்காட்டுக்காரி, மாமியா வெரட்டுறாளா?"

நின்று பதில் சொல்ல நேரமில்லை. கோவிலுக்குப் பின்புறம் புகை தெரிந்துவிட்டது.

உபதேசியார் ராயப்பன் மண்சட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். சட்டி நிறைய ஓலை. "ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சாலும் பிடிச்சான், தீப்பெட்டிக்குக்கூடப் பஞ்சம். கொல்லுப்பட்டறை வரைக்கும் நடந்து கங்கு வாங்கியாந்தேன்" என்று புலம்பிக்கொண்டே ஊதினார்.

"ஊதாதீங்க! ஊதாதீங்க!"

குப்பென்று பற்றிக்கொண்டது.

ஞானப்பூ யோசிக்கவில்லை. சட்டிக்குள் கையை விட்டாள். "அடியே, கை! கை!" என்று உபதேசியார் அலறுவதற்குள் வெளியே இழுத்துவிட்டாள். விரல்களுக்கிடையே சிலுவை. அதன் ஒரு கையில் தீ நடுங்கியது. புடவையில் அமுக்கி அணைத்தாள்.

வீட்டு வாசலில் சவரியாயி நின்றிருந்தாள். நீட்டிய ஓலையை அவள் பார்க்கவே இல்லை.

"மொதல்ல கையைக் காட்டு."

கொப்புளத்தில் தேங்காயெண்ணெய் தடவி முடித்த பிறகுதான் ஓலையை மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரு பக்கம் கருகிப்போச்சு அத்தை. என்னை மன்னிச்சிருங்க."

"வருசா வருசம் விபூதிக்கு முந்தின நாள் இதைக் கழட்டுவேன் புள்ள. கோவில் வாசல் வரைக்கும் போவேன். திரும்பக் கொண்டாந்து மாட்டிருவேன்." சவரியாயி மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பன், எங்க ஆத்தா, எல்லாரையும் காலம் கொண்டு போய் சர்வேசுரன் கையில விட்டுச்சு. எல்லாருக்கும் ஒரு பிடி மண்ணு போட்டேன். இந்த மனுசனுக்கு மட்டும் போடலை. மண்ணுதான் நீ, மண்ணுக்குத்தான் போவேன்னு சாமியார் நெத்தியில பூசுறப்பல்லாம் எனக்குக் குத்தும். போக விடாம ஆணியில கட்டி வச்சிருக்கவ நானுல்ல?"

"நான் குடுத்தது தப்புத்தான் அத்தை."

"குடுத்தது தப்பில்ல. என்னைக் கேக்காமக் குடுத்ததுதான் தப்பு." அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்."

எழுந்தாள். ஓலையோடு விறுவிறுவென்று நடந்தாள். ஞானப்பூ பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

"மாமியாளும் மருமகளும் வெளையாடுறீங்களா?" உபதேசியார் சீறினார். "கங்கு அணைஞ்சா நீங்கதான் பட்டறைக்கு நடக்கணும், ஆமா!"

சவரியாயி ஓலையை உதட்டில் வைத்து முத்தி செய்தாள். சட்டிக்குள் எறியவில்லை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தாள். தீ முடிச்சுகளைத் தொட்டதும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி, மெல்ல அதன் மேல் தூவினாள்.

விபூதியில் மண்ணா! உபதேசியார் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஞானப்பூ அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கை எரிவதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. கழற்றிக் கொடுத்த தன் கைக்குத் தெரியாத பாரம் அது. இத்தனை வருசம் சுமந்தவளுக்கு இறக்கி வைக்கவும் தெரிந்திருக்கிறதே!

மறுநாள் விடிகாலைப் பூசையில் ஊரே வரிசையில் நின்றது. எல்லார் நெற்றியிலும் சாமியார் விபூதி பூசினார். பூசை முடிந்து ஆண்கள் நேரே கரைக்கு நடந்து வள்ளங்களைத் தள்ளினார்கள். நெற்றிக்கு நெற்றி சாம்பல்.

சவரியாயி இடுப்பில் கை வைத்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"உசிரோட இருந்தப்ப ஒரு வள்ளத்துலதான் போவாரு. இன்னிக்குப் பாரு புள்ள, ஒண்ணு பாக்கியில்ல."

தூரத்தில் சூசை துடுப்பைத் தூக்கிக்கொண்டே வேர்த்த முகத்தைத் துடைக்கப் போனான். அவள் குரல் கரையெல்லாம் கேட்டது.

"எலேய் சூசை! நெத்தியைத் தொடச்சிராத! ஒங்கப்பனும் கூட வாராரு!"