பதினேழாம் அறையின் பாதுகாவலர்

பல்கலைக்கழகம் மறுபடி திறந்த நாலாம் நாள், மாணவியர் விடுதியின் பதினேழாம் அறைக்குத் தொற்றுக் காய்ச்சல் கண்டது. அதில் தங்கியிருந்த வள்ளிமயிலுக்கு ஒன்றுமில்லை. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, பிள்ளை சுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறைக்குத்தான் நூற்றிரண்டு. விதிப்படி பாதுகாவலருக்குச் சொல்லியாக வேண்டும். அறைக்குப் பாதுகாவலர் அதைக் கட்டிய கொத்தனார். ஆகவே சவரிமுத்துவுக்குப் போன் போனது.

சவரிமுத்து பூச்சுவேலையைப் பாதியில் நிறுத்தி, கரண்டியைக் கழுவி, ரசமட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் ஆரஞ்சு வாங்கிப் போகலாம், அறைக்கு என்ன வாங்குவது என்று வழியெல்லாம் யோசனை. கடைசியில் ஒரு பொட்டலம் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டார்.

வார்டன் அம்மா விவரம் சொன்னார். இன்று புதன். வெள்ளி காலைக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் விடுதியையே மூடி, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத்தான் வள்ளிமயிலுக்குக் கடைசி செய்முறைத் தேர்வு. முதல் தடவை மூடியபோது பதினாலு மாதம் வீட்டில் கிடந்தவள். இந்தத் தடவை பஸ் ஏற்றிவிட்ட அண்ணன், பரீட்சை முடியாமல் திரும்பி வந்தால் அன்றைக்கே பரிசம் போட்டுவிடுவோம், பிறகு படிப்பென்ற பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான். அவள் அறைக்கு ஆறடி தள்ளி, நடையில் கட்டிலைப் போட்டு, ஒரு கண்ணால் புத்தகத்தையும் ஒரு கண்ணால் அறையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துலருந்து இதுக்கு வாசனை பிடிபடலைய்யா," என்றாள் சவரிமுத்துவிடம். "என் தலையெண்ணெய் வாசம் எப்பவும் சுவத்துல ஒட்டிக் கெடக்கும். இப்ப கீழ கருவாடு பொரிச்சாக்கூட நிக்க மாட்டேங்குது."

சவரிமுத்து உள்ளே போய் ரசமட்டத்தை ஜன்னல் திண்டில் வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுவில் நிற்கவில்லை. உலையில் அரிசி கிடந்து துள்ளுகிற மாதிரி துள்ளியது.

வார்டன் அம்மா கொண்டுவந்த சிகிச்சை விண்ணப்பத்தில் நிறையக் கேள்விகள். பிறந்த வருஷம், நீள அகலம், வேப்பெண்ணெய் ஒத்துக்கொள்ளுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தவர், சின்ன வயதில் ஏதும் குறை உண்டா என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். புது நூலகத்துச் சுவர் வேலையை அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு குறையும் இல்லை, தங்கமாக வளர்ந்த அறை என்று சொல்லிப் பெருவிரலை உருட்டி வைத்தார்.

நாலு மூலையிலும் கஷாயம் ஊற்றினார்கள். ஜன்னலுக்குக் கீழே அண்டாவில் நொச்சி போட்டு ஆவி பிடித்தார்கள். சாயங்காலம் நூற்று மூன்று. வியாழன் விடிந்தபோது நூற்று மூன்றரை. மற்ற பிள்ளைகள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். வள்ளிமயில் மட்டும் பெட்டியைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி, பக்கத்து வீட்டுக் குழந்தையை விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்:

"இது பொறந்தப்ப எப்படிய்யா இருந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சவரிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். பூச்சு முடிந்தால் பத்து நாள் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், அப்போதுதான் சுவர் சுவராகும் என்றார். திறப்புவிழா நெருங்கிவிட்டது என்று மேலே அவசரப்படுத்தினார்கள். மூன்று நாள்தான் தண்ணீர் விட்டார். நாலாம் நாள் பெயிண்ட் அடித்து, வாழைமரம் கட்டிவிட்டார்கள்.

"தாகத்தோட வளந்த பிள்ளை, தாயி," என்றார். "கேக்கத் தெரியல அதுக்கு."

பின்னால் வார்டன் அம்மா விண்ணப்பத்தோடு நின்றிருந்தார். சவரிமுத்து திரும்பிப் பார்த்தார்.

"எழுதிக்கிடுங்கம்மா."

அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரியோடு நூலகத்து வேலை போனது.

விட்டுப்போனது ஏழு நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பொழுது சாய்வதற்குள் பதினாலு நனைப்பு கொடுத்தாக வேண்டும். சமையல்கட்டிலிருந்து அரிசிச் சாக்குகள் வந்தன. வள்ளிமயில் குழாயடியில் வாளி நிரப்பி ஆறடி தள்ளி வைத்துவிட்டு, பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வாளிக்குப் போனாள். சவரிமுத்து நனைத்து நனைத்து நாலு சுவரிலும் போர்த்தினார். புதுப்பானை தண்ணீர் குடிக்கிற சத்தம் நடைவரைக்கும் கேட்டது. பதினோராம் நனைப்பில் அறை ஒரு தடவை ஏப்பம் விட்டது. நல்ல குறி என்றார் வார்டன் அம்மா.

வெள்ளி காலை தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு. குமிழி நட்ட நடுவில் அசையாமல் நின்றது. வள்ளிமயில் தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தாள். முதலில் கருவாடு, அதற்குப் பின்னாலேயே அவள் தலையெண்ணெய். கட்டிய பெட்டிகளையெல்லாம் பிரித்தார்கள். பத்து மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கையில் பிடித்திருந்தாள்.

சவரிமுத்து ரசமட்டத்தைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டினார்கள். நூற்றொன்று. பதினாலு நாள் வெளியே விட முடியாது. நோயாளி ஏற்கெனவே தொட்டுப் புழங்கிய இடத்தில்தான் தங்க வேண்டும் என்பது விதி. வள்ளிமயிலைப் பதினெட்டுக்கு மாற்றிவிட்டு, அவரைப் பதினேழில் படுக்கவைத்தார்கள்.

பாதுகாவலர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று வார்டன் அம்மா கேட்டார். பக்கத்தில் எனக்கு யாருமில்லையே என்றார் சவரிமுத்து. வார்டன் அம்மா விண்ணப்பத்தை எடுத்துச் சுவரில் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். எடுத்தபோது அந்தக் கட்டத்துக்குள் வட்டமாக, வெள்ளையாக, ஈரத்தோடு ஒரு ரேகை விழுந்திருந்தது. ஊதிக் காயவைத்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அறையின் மேல்தளத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வேறெங்கும் விழாமல், சவரிமுத்துவின் நெற்றியில் போட்டிருந்த துண்டின் மேலே மட்டும் சொட்டியது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சுவருக்கு அவர் சொன்ன கணக்குப்படி பத்து நாளும் ஒரு வேளை தப்பவில்லை.