திராட்சைத் தோட்டத்துக் கப்பல்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கம்பம் பேருந்து நிலையச் சுவரில், வெள்ளை யூனிபார்மில் சல்யூட் அடிக்கும் நௌஷாத்தின் போஸ்டர். ‘எங்கள் மாணவர், இன்று கடலில்!’ அதற்குக் கீழேயே நின்று நௌஷாத் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“பாத்தியாலே, நடுக்கடல்ல நிக்கேன்,” என்றான் என்னிடம். “குமுளி ஒரு ஆளு, ஏறு ஏறு!”

(போஸ்டர் ஒட்டிய அந்தக் கல்லூரியில்தான் நானும் படித்தேன். பாதியில் விட்டுவிட்டு மில்லில் இரவு ஷிப்ட் போகிறேன். என்னைப் பற்றி இது போதும்.)

2

முதல் தொடக்கம்: ‘மலையடிவாரத்தில் அலைகளைக் கனவு கண்ட ஓர் இளைஞன்...’ அடித்துவிட்டேன். அவன் எந்த அலையையும் கனவு காணவில்லை. வேலை கேட்டான்.

இரண்டாவது: 2005இல் திராட்சைத் தோட்டத்தை அழித்து ஒரு கல்லூரி வந்தது. நடுவில் சிமென்டில் கப்பலின் மேல்தளம் கட்டினார்கள். கப்பல் போக்குவரத்து மேலாண்மை, மூன்று வருடப் பட்டம். மாணவர்கள் லைப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு தளத்திலிருந்து மணலில் குதித்தார்கள்.

3

நௌஷாத் அங்கே படிப்பு முடிந்து சென்னைக்குப் போனான். கப்பல் கம்பெனிக்காரர் சான்றிதழ் ஜெராக்ஸைப் புரட்டினார். “தம்பி, இது கப்பலைப் பத்தின படிப்பு. கப்பல்ல ஏறுற படிப்பு இல்ல.”

பிறகு திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆபீஸ் வேலை தருவதாகச் சொன்னது. ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும் என்றார்கள். அவை, சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்ட கல்லூரியில் இருந்தன.

“அட்மிஷன் கூட்டத்துக்கு யூனிபார்ம்ல வா,” என்றார் தாளாளர். “கப்பல்ல இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு. மேடைய விட்டு எறங்குனதும் ஒரிஜினல தாரேன்.”

அவனுடைய அத்தா ராஜா முகம்மது அதட்டினார்: “ஏலே, ஒரு பொய்தான? சொல்லிட்டு வாங்கிட்டு வா. ஒன்னயச் சேத்தப்ப நமக்கு எவன் மெய் சொன்னான்?”

4

கல்யாண மண்டபத்தில் அட்மிஷன் கூட்டம். யூனிபார்ம் இடுப்பில் இறுக்கியது. நௌஷாத் மைக்கை வாங்கி வாய் திறப்பதற்குள் மூன்றாவது வரிசையில் வருசநாட்டு மொக்கம்மாள் எழுந்தாள். மகள் அனுசுயா* முந்தானையை இழுத்தாள்.

“உக்காரும்மா, மானத்த வாங்காத.”

“படிக்கப் போறது நீயி. கேக்குறது நானு. சும்மா இரு ஆத்தா.” மேடையைப் பார்த்தாள். “ஏய்யா கப்பல்காரரே, இப்ப எந்தக் கப்பல்ல இருக்கீக?”

மண்டபம் சிரித்தது.

“சிரிக்காதீக. எம்புள்ளயும் இவுகளக் கணக்கா நிக்கணும்னுதான கேக்குறேன்.”

* முதலில் மகன் என்று எழுதியிருந்தேன். கப்பல் என்றதும் என் புத்தியும் ஆம்பளப் பிள்ளையைத்தான் தேடியது.

5

முடிவு ஒன்று: வாயில் வந்த ஒரு கப்பல் பெயரைச் சொல்கிறான். கைதட்டல். ஒரிஜினல் கிடைக்கிறது. ஆடி மாதம் அனுசுயா மணலில் குதிக்கிறாள்.

முடிவு இரண்டு: “தோட்டத்து ஜீப்புலம்மா,” என்கிறான். தாளாளர் மைக்கைப் பிடுங்குகிறார். அவன் சாகும்வரை குமுளி ரோட்டில் ஆள் ஏற்றுகிறான்.

முடிவு மூன்று: நல்ல அதிகாரி ஒருவர் கதவைத் திறந்துகொண்டு... சை. எவனும் வரவில்லை.

இரண்டாவதுதான் சரி என்று தலையாட்டுகிறீர்கள். ஆட்டலாம். உங்கள் ஒரிஜினல் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன்.

மைக் அவன் கையில் இருக்கிறது. மொக்கம்மாள் இன்னும் உட்காரவில்லை.

யூனிபார்மைப் போட்டுக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள்.