ஒரு சுற்று பாக்கி

கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய அந்த மண்டலத்தின் விலை, கட்டிவந்த சாக்கையும் சேர்த்து, எழுநூற்றைம்பது. மின்விசிறி பழுதுபார்க்கும் கடைக்காரர் பழைய சாமான்களோடு மொத்தமாகப் பேசி, ஆயிரத்திலிருந்து அடித்துக் குறைத்து வாங்கியது. கடைக் கூரைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்ததும் அது விரிந்துகொண்டது. நடுவில் வெளிச்சத்தாலான நீளப் பட்டை, பட்டையின் இரு முனையிலிருந்தும் வளைந்து போகும் இரண்டு கைகள், சுற்றிலும் மாவு சிந்தியது போல விண்மீன்கள். கூரை பத்தடி உயரம்தான். ஆனால் எந்த ஏணியில் ஏறிப் பார்த்தாலும் அது ஆறு கோடி ஒளியாண்டு தள்ளியே இருந்தது. "ரெண்டு றெக்கை ஃபேன். காத்துதான் வரல," என்றார் கடைக்காரர்.

வியாபாரம் அவர் வாய். கடைக்கு இருந்த நல்ல பெயர் அவர் மனைவியின் கை. விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவள். அவள் கண்ணெதிரே ஒரு முழுச் சுற்று திக்காமல் சுற்றி வராத எதுவும் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை. இதற்கும் அதே சட்டம். ஒரு கையின் முனைக்கு நேராகக் கூரையில் சாக்பீஸ் கோடு கிழித்துவிட்டுக் காத்திருந்தாள். ஒன்பது வருஷத்தில் முனை கோட்டின் தடிமனைக்கூடத் தாண்டவில்லை.

கடை வாடகைக்கு இருந்த கட்டடத்தை விற்கப்போவதாக உரிமையாளர் சொல்லி அனுப்பிய அதே வாரம், பெரிய விசிறி ஷோரூம் முதலாளி ஒருவர் வந்து அண்ணாந்தவர் வாயை மூட மறந்தார். கட்டடத்தையே வாங்கி அவர்கள் பெயருக்கு எழுதித்தருவதாகவும், பதிலுக்கு அது வேண்டும் என்றும் சொன்னார்.

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே. ஒரு சுத்து முடியட்டும்," என்றாள் மனைவி.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?"

முதலாளியோடு வந்த இன்ஜினியர் கணக்குப் போட்டு, இருபது கோடி வருஷம் என்றார். கடைக்காரர் மனைவியைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனார். "கடையே போகுது, இதுக்குமா சுத்து பாக்கணும்?"

"பாக்காம அனுப்பினா, மிஞ்சுறது கடையாங்க? வெறும் கட்டடம்."

பின்கட்டுப் பேச்சு முன்கட்டுக்குக் கேட்கிற கடை அது. ஒன்றைக்கூடச் சுற்றவிட்டுப் பார்க்காமல் லட்சம் விசிறி விற்றிருந்த முதலாளி கொஞ்ச நேரம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, "வேற எவனாவது கேட்டு வர்றதுக்குள்ள என் பேரைப் போட்டுக்கம்மா. கட்டடத்தை அட்வான்ஸா வச்சுக்க," என்றார்.

இப்போது வருஷத்துக்கு ஒருமுறை முதலாளியின் மகன் வந்து, கோட்டைப் பார்த்து, திருப்தியாகப் போகிறான். விலை கேட்பவர்களிடம் கடைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வது ஒன்றே: "வித்தாச்சுங்க. டெலிவரிதான் ஆகல. எங்க வீட்டம்மா இன்னும் விடல." கல்லாவுக்கு மேல் பில் ஒட்டியிருக்கிறது. வரவு, கட்டடம் ஒன்று. பாக்கி, சுற்று ஒன்று.