பாதி மேட்டில்

மாமனாரின் போன் அடித்தபோது அவள் இரண்டு கைகளிலும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் உட்கார வேண்டுமென்று பக்கத்துப் பண்ணையிலிருந்து நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. ஜன்னலோரத்தில் கிடந்த போன் விடாமல் அடித்தது. நாற்காலிகளை வைத்துவிட்டு எடுத்தாள்.

"குட் மார்னிங் சார். வண்டி எப்படி இருக்கு? ட்ரெய்லர் மாட்டி இழுத்துப் பாத்தீங்களா?"

பிக்கப் விற்கும் கடையின் விற்பனைக்காரர். ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி முந்தாநாள் வண்டியை விட்டுவிட்டுப் போனவர்.

"இழுத்துப் பாத்தோம்," என்றாள்.

"மேடமா? சார்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"இருங்க, குடுக்கறேன்."

போனோடு கூடத்துக்கு நடந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் நிமிர்ந்து பார்த்த பிறகுதான், யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்பது உறைத்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள்.

"அவரு நேத்து தவறிட்டாரு," என்றாள்.

"சாரா? நேத்து காலைலகூட என்கிட்ட பேசினாரே மேடம்!" காலையில் பேசியவர் பத்து மணிக்குச் சாகக் கூடாது என்று சட்டம் இருப்பதைப் போலச் சொன்னார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதேதோ ஆறுதல் சொன்னார். கடைசியில் மென்று விழுங்கி, "வண்டிய சாயங்காலமா வந்து எடுத்துக்கட்டுமா மேடம்? வேற ஒருத்தருக்குக் காட்டணும்..." என்றார்.

வரச் சொன்னாள். அவரை நொந்து என்ன செய்வது, வியாபாரம்.

நான்கு மாதமாக மாமனார் வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். பண்ணையின் மேல்பக்கத்து மேய்ச்சலில் முப்பது மாடுகள் நின்றன. அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. தினமும் இரண்டாயிரம் லிட்டர் டாங்கியைக் கீழிருந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். பழைய டிராக்டர் முனகி முனகி ஏறி முக்கால் மணி நேரம் தின்றது. டவுனிலிருந்து தீவனம் ஏற்றிவர அது உதவாது. அதனால் பின்தட்டில் தீவன மூட்டையும் பின்னால் தண்ணீர் டாங்கியுமாக இரண்டு வேலையும் செய்கிற பிக்கப் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். முடிவு செய்தாரே தவிர, வாங்கிவிடவில்லை.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ பத்து நிமிஷம்கூட உக்காரல இந்த மனுஷன்," என்பாள் மாமியார். "இந்த இரும்புக்குப் பாரு, ஜாதகம் மட்டுந்தான் கேக்கல."

முதலில் வந்த வண்டிக்கு எஞ்சின் நன்றாக இருந்தது. டாங்கியை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கியது. "நாய் உக்கார்ற மாதிரி உக்காருது, வேணாம்," என்றார். இரண்டாவது வண்டி பலசாலிதான், ஆனால் பண்ணைக் கேட்டில் ஒரே திருப்பில் திரும்பவில்லை. மூன்று தடவை முன்னும் பின்னும் போய் கேட்டுத் தூணைச் சுரண்டியது. விற்பனைக்காரர்கள் குதிரைச் சக்தி, அது இது என்று அடுக்கினால் அவர் காதிலேயே வாங்க மாட்டார். "காலி வண்டிய எந்தக் கழுதையும் இழுக்கும். டாங்கிய மாட்டுங்க," என்பார். மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவார். பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்துவார். இரண்டரை டன் பின்னால் தொங்க, உருளாமல் கிளம்புகிறதா என்று பார்ப்பார். "ஓடற வண்டி ஓடத்தான் செய்யும். நின்ன வண்டி கெளம்பணும்."

ஒவ்வொரு முறையும் பக்கத்தில் அவள்தான் உட்காருவாள். பக்கக் கண்ணாடியில் ட்ரெய்லரைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவர் ஆறடிக்கு மேல். நெட்டையர் என்றால்தான் ஊரில் தெரியும். இவள் அவர் தோளுக்கும் எட்டாதவள். இருவரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கல்யாணமாகி ஒன்பது வருடமாகப் பண்ணை வேலையில் பாதி அவள் தலையில்தான். கணவன் டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், வாரக் கடைசியில் வருவான். ஸ்டியரிங்கை மட்டும் மாமனார் யாருக்கும் விட்டதில்லை. பதினெட்டு வயதில் டிராக்டரை வாய்க்காலில் இறக்கிய மகனுக்கு ஆயுள் தடை. அவளுக்குத் தடை என்று ஒன்றும் இல்லை, கேட்டதும் இல்லை. வீட்டுச் சின்னக் காரைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுவாள், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்தது. பால் வண்டிக்காரர்தான் கதையை ஆரம்பித்து வைத்தார். நேற்று அவள் கத்திய கத்தலுக்கு முதலில் ஓடிவந்தவர் அவர். அதற்குள் அவள் மாமனாரை எப்படியோ வண்டியிலிருந்து இழுத்துப் புல்லில் கிடத்தி, நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மனுஷன் கடைசி வரைக்கும் ஸ்டியரிங்க விடலையே! ரெண்டரை டன்ன மேல கொண்டுபோய் நிறுத்திட்டுல்ல உயிர விட்டாரு. அந்தச் சாவு யாருக்கு வரும்?"

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பதினோரு மணிக்குள் அந்தக் கதை கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போய்விட்டது. புதிதாக வந்த ஒருவர் அதை அவளிடமே சொன்னார். அவள், "ஆமாங்க," என்றாள். ஏன் ஆமாம் என்றாள் என்று அவளுக்கே புரியவில்லை. வந்தவருக்கு ஏற்கெனவே தண்ணீர் கொடுத்ததை மறந்து இன்னொரு டம்ளர் கொண்டுபோய் நீட்டினாள்.

கணவன் பின்கட்டில் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றான்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அவரு ஓட்டல."

"என்னது?"

"வண்டிய மேல கொண்டுபோனது நானு. பாதி மேட்டுல எப்பவும் போல நிறுத்தினாரு. ஹேண்ட்பிரேக் போட்டாரு. எறங்கி, முன்பக்கமா சுத்தி என் கதவுகிட்ட வந்தாரு. 'எறங்கு, நீ எடு'ன்னாரு. 'நானா? பின்னால ரெண்டரை டன் இருக்கு மாமா'ன்னேன். 'இருக்கட்டும், எடு'ன்னாரு. என் எடத்துல ஏறி உக்காந்துக்கிட்டாரு."

அவன் குழாயை மூடினான்.

"வேற என்ன சொன்னாரு?"

"'கிளட்ச அவசரப்பட்டு விடாத'ன்னாரு. அவ்ளோதான். அப்புறம் நான்தான் பேசிக்கிட்டே போனேன்."

வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் கிளம்பியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மாமா! இந்த வண்டியே எடுத்துடலாம் மாமா, கேட்லயும் திரும்பிடுச்சு!" என்று மேடு முழுக்க ஒரே பேச்சு. அவர் ம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், கல்லுளிமங்கன். அவர் திட்டாமல் இருந்தால் அதுவே பாராட்டு என்று ஒன்பது வருடத்தில் பழகியிருந்தாள். பக்கக் கண்ணாடியை நோக்கி முகம் திரும்பியிருந்ததால் ட்ரெய்லரைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். மேலே போய் நிறுத்தி, "எப்படி?" என்று தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் ஓட்டினாள்? ஐந்து நிமிடமா, எட்டு நிமிடமா? அதில் எத்தனை நிமிடம் அவர் இருந்தார்? ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டாள். "சொல்ல முடியாதும்மா. முன்னாடியே வலி இருந்திருக்கலாம், ஒரே நொடியில முடிஞ்சும் இருக்கலாம்," என்று அவர் இரண்டையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"அப்பா ஸ்டியரிங்க யாருக்கும் குடுக்க மாட்டாரே," என்றான் கணவன். "எனக்கே இருபது வருஷமா குடுத்ததில்ல. அவரு எறங்கி வந்து உன்கிட்ட குடுக்கறாருன்னா, ஒடம்புக்கு முடியலன்னு தோண வேணாமா உனக்கு?"

"தோணல."

"வேர்த்திருந்துச்சா?"

"வெயில்ல ரெண்டு பேருக்குந்தான் வேர்த்துச்சு."

"கீழ திருப்பியிருந்தா பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்."

சொன்னவன் உடனே, "உன்னைச் சொல்லல," என்றான். அவளைத்தான் சொன்னான் என்பது இருவருக்கும் தெரியும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அவள் அங்கேயே நின்றாள். ஒன்பது வருடமாக அவள் கேட்காமலே இருந்தது நேற்று கைக்கு வந்தது. அது நம்பிக் கொடுத்ததா, முடியாமல் கொடுத்ததா? நம்பிக் கொடுத்திருந்தால் அவள் மேல் தப்பில்லை. முடியாமல் கொடுத்திருந்தால், பக்கத்தில் ஒரு மனிதன் செத்துக்கொண்டிருக்க, அவள் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு மேடு ஏறியிருக்கிறாள். காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சமயம் இப்படித் தோன்றியது, மறு சமயம் அப்படி. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தபோது அவர் பானெட்டின் மேல் கை வைத்தார். சூடு பார்த்தாரா, பிடித்துக்கொண்டாரா? நிச்சயமாகத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் கூடத்தில் படுத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். மாமியார் அப்போது மட்டும் குரல் விட்டு அழுதாள். பிறகு அவளைக் கூப்பிட்டு, "அவரு கண்ணாடிய எங்க வெச்சே? அது இல்லாம ஒண்ணும் தெரியாது அவருக்கு," என்று கேட்டாள். அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு விற்பனைக்காரர் வந்தார். வண்டி மேய்ச்சலிலேயே நின்றது. டாங்கியின் குழாயைப் பால் வண்டிக்காரர் நேற்றே ஆள் விட்டுத் திறந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டார். ஆனால் வண்டிக்குள் யாரும் ஏறவில்லை. பூட்டி, சாவியை அவள்தான் வைத்திருந்தாள். கணவனும் கூட வந்தான். மூவரும் மேட்டில் ஏறினார்கள். விற்பனைக்காரர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த மேட்டுலயா இழுத்துச்சு? பரவால்லையே," என்றார்.

சாவியை வாங்கிக் கதவைத் திறந்து ஏறினார். ஏறின வேகத்தில் முழங்கால் ஸ்டியரிங்கில் மடாரென்று இடித்தது. "அம்மாடி!" என்று காலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"என்ன மேடம், சீட்டு இப்படி ஸ்டியரிங்க ஒட்டிக் கெடக்குது? நான் வண்டிய விட்டப்போ சார் கடைசி வரைக்கும் பின்னால தள்ளிட்டுல்ல உக்காந்தாரு? கால நீட்ட எடமில்லன்னு என்னைத் திட்டக்கூட செஞ்சாரே."

கணவன் அவளைப் பார்த்தான்.

"நீ இழுத்தியா?"

"இல்ல."

அவள் யோசித்தாள். வீட்டுக் காரை எடுக்கும்போதெல்லாம் அவள் செய்கிற முதல் வேலை சீட்டை முன்னால் இழுப்பது. இல்லாவிட்டால் கால் எட்டாது. நேற்று இழுக்கவில்லை. ஏறினாள், கால் எட்டியது, கிளட்சை மிதித்தாள். எப்படி எட்டியது என்று கேட்கவே அவளுக்குத் தோன்றவில்லை. அவர் இறங்கிய நேரத்தில் அவள் ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவேயில்ல," என்றாள் மறுபடியும். "ஏறினேன், எடுத்தேன்."

"அப்போ சாருதான் எறங்கி நின்னு இழுத்திருக்கணும்," என்றார் விற்பனைக்காரர், முழங்காலைத் தேய்த்தபடி. "கீழ ஒரு கம்பி இருக்கு பாருங்க. புது வண்டி, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்."

கணவன் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். இழுத்தான், அசையவில்லை. புல்லில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். கம்பி விட்டுக்கொடுத்தது, சீட்டு சர்ரென்று பின்னால் ஓடிக் கடைசியில் போய் மோதி நின்றது.

"ஐயோ, ஏன் தள்ளினீங்க! மாமா வெச்ச எடம் அது!" என்று அவள் கத்திவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை.

அவன் மண்டியிட்டபடியே இருந்தான். சிவந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தான்.

"வலியோட இருக்கறவரு இத இழுப்பாரா?" என்றான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. விற்பனைக்காரர் மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவன் அவளிடம், "ஏறி உக்காரு," என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். கால்கள் அந்தரத்தில் தொங்கின. அவன் மறுபடி கையை அடியில் விட்டுக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சீட்டோடு முன்னால் நகர்ந்தாள். டக்கென்று ஒரு பல் தாண்டிச் சீட்டு முன்னேறியது.

"இவ்ளோவா?"

"இல்ல. இன்னும்."

டக்.

"இப்போ?"

அவள் கிளட்சை மிதித்துப் பார்த்தாள். பாதிவரைதான் போனது.

"இன்னும் ஒண்ணு," என்றாள்.

அவன் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.