ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு

அரிசி மூட்டைகள் சரிந்து கமாலுதீனின் முதுகுத்தண்டு முறிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் மலைபோல மூட்டை அடுக்கியவனுக்குக் கால்கள் மரத்துப்போயின. இடுப்பில் படுக்கைப்புண் வந்தது. அதை அறுத்துச் சுத்தம் செய்தால்தான் பிழைப்பான். அறுப்பதற்கோ உடம்பில் ரத்தம் போதாது.

கல்மண்டபத்தில் இருந்த அவன் வீட்டுக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டர், அவன் விரலைக் குத்தி ஒரு சொட்டை ஒற்றுத்தாளில் எடுப்பார். வெளிர்சிவப்பிலிருந்து அடர்சிவப்பு வரை படிப்படியாக அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடுவார். வாரத்துக்கு வாரம் நிறம் வெளிறிக்கொண்டே வந்தது.

"ரத்தம் எலும்புக்குள்ளதாம்மா ஊறுது" என்றார் மனைவி ஜஹானாராவிடம். "அங்கேயும் நரம்பு ஓடுது. அது தூண்டாவிட்டால் ஊற்று மந்தமாகுமோன்னு சிலர் எழுதறாங்க. எனக்கு உறுதியாத் தெரியாது. ஈரல் கொடுங்க. மனசு பதறாம பாத்துக்குங்க."

கடைசிச் சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனோடு மூட்டை தூக்கிய கூட்டாளிகள் ஏழு பேரையும் வாசலிலேயே மறித்தாள். "அவருகிட்ட துறைமுகம் பேச்சே எடுக்காதீங்க. பேஜாராயிடுவாரு."

பகலெல்லாம் கத்தித் தீர்க்கும் அந்த ஏழு வாய்களும் அன்றுமுதல் மூடிக்கொண்டன. மாலையில் ஆளுக்கொரு ஈரல் பொட்டலத்தோடு வருவார்கள். தலை குனிந்து வரிசையாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் அவர்கள் போனதும் கமாலுதீன் தட்டைத் தள்ளிவிட்டான். "இன்னா ஜஹானாரா, நான் மவுத்தாவறதுக்கு முன்னாடியே துக்கம் கேக்க வந்துட்டானுங்களா?"

அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் அன்பே அவனை உயிரோடு அடக்கம் செய்துகொண்டிருப்பது அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் எல்லோரும் உட்கார்ந்ததும், அவனுக்குக் கேட்கும்படியே, அவர்களில் ஒருவனான தவசிமுத்துவிடம் கேட்டாள்: "இன்னிக்கு மூட்டைய அடுக்கி அட்டி எப்டிண்ணே போட்டீங்க?"

தவசிமுத்து திருதிருவென்று விழித்தான். சொல்லு என்பதுபோல் அவள் தலையை அசைத்தாள்.

"அத்த ஏன் கேக்கற தங்கச்சி! பத்து வரிசை ஏறங்காட்டியும் அடுக்கு சாஞ்சிகினு பூட்ச்சு."

படுக்கையில் கமாலுதீன் திரும்பினான். "மூட்டை வாயை எந்தப் பக்கம் வச்சீங்கடா?"

"வெளியத்தான்."

"அட கசுமாலம்! உள்பக்கம் வைக்கணும்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்? என்னைத் தூக்கி உக்கார வைங்கடா!"

முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். வைதுகொண்டே அவன் ஈரலைத் தின்று முடித்தான். மறுநாளும் வைதான், அதற்கு மறுநாளும்.

நாலாவது வாரம் டாக்டர் ஒற்றுத்தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அட்டையில் இரண்டு படி ஏறியிருந்தது.

"ஈரலா, எழுந்து உட்கார்ந்ததா, நரம்புக்கு வந்த உசுப்பா, சொல்லத் தெரியலைம்மா. புண்ணை அறுக்க இந்த ரத்தம் போதும். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம்."

அன்று மாலை ஜஹானாரா தவசிமுத்துவை வாசலில் நிறுத்தினாள். "வியாழன் வரைக்கும் அட்டி கோணலாவே இருக்கட்டும்ணே."

"மெய்யாலுமே கோணலா போட்டா மேஸ்திரி தொரத்திடுவான். போட்டதா பொய் சொல்றோம். கர்த்தரு மன்னிச்சுக்குவாரு."

"அல்லாவும்தான்" என்று அவள் கதவை அகலத் திறந்தாள்.